யாருது இது?

அந்த டீச்சர் எதையும் ‘என்ன இது?’ என்று கேட்டதில்லை. ‘யாருது இது?’ என்றுதான் கேட்பார். தமிழிலும் கன்னடத்திலும் அந்தக் கேள்வி ஏறக்குறைய ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் எங்கள் பள்ளியில் எந்த மொழி பேசுகிற பிள்ளைக்கும் அது புரிந்தது.

மைசூர் மண்டி மொஹல்லாவில், மிளகாய்க் கடைக்கும் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்புக்கும் நடுவில் இருந்தது பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை. நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்து மூன்று வயது. தற்காலிக வேலைதான். சேர்ந்த மூன்றாம் நாள் அவர் என் வகுப்புக்குள் வந்தார். மூன்றாம் வகுப்பு, நாற்பத்து மூன்று பிள்ளைகள். இரண்டு விரல்களுக்கு நடுவில் ஒரு க்ரீம் பிஸ்கட் கவரைப் பிடித்திருந்தார்.

“ஒரு நிமிஷம்மா” என்று என்னிடம் அனுமதி கேட்டுக்கொண்டு பிள்ளைகள் பக்கம் திரும்பினார். “யாருது இது?”

அவர் அதட்டவில்லை. முதல் பெஞ்சிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு பிள்ளையின் வலது கையையும் எடுத்து விரல்நுனிகளை மோந்து பார்த்தார். பார்த்துவிட்டுக் கையை மெதுவாக அதன் மடியிலேயே வைத்தார். ஜன்னலோரத்து நாலாவது பெஞ்சில் ஒரு பையனின் கையை மட்டும் திருப்பி வைக்கவில்லை.

“ஆரஞ்சு” என்றார்.

அவர் இடது கையில் ஓர் இரும்பு வளையல் உண்டு. அதில் எப்போதும் பத்துப் பதினைந்து ஊக்குகள் கோத்துக் கிடக்கும். அதிலிருந்து ஒன்றை எடுத்து அந்தக் கவரைப் பையனின் சட்டைப்பையின் மேல் குத்தினார். குத்தும்போது உள்ளே தன் விரலை விட்டுத் துணியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார், பிள்ளையின் தோலில் பட்டுவிடக் கூடாது என்று.

“நீ வாங்கினே, நீ சாப்பிட்டே. கவர் மட்டும் எப்படிப்பா ஊருது ஆகும்? இது உன்னுது. வெள்ளிக்கிழமை வரைக்கும் உன்கிட்டயே இருக்கட்டும். ஆய்த்து, உக்காரு.”

‘முடிந்தது’ என்பதை அவர் எப்போதும் கன்னடத்தில்தான் சொல்வார்.

அன்றைக்கு அது எனக்குப் பிடித்துப் போயிற்று. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன். அம்மா ஆஸ்பத்திரியில் நர்ஸ். டியூட்டிக்குப் போகத் தலை வாரிக்கொண்டிருந்தவள், “அந்தப் பையன் அழுதானா?” என்று மட்டும் கேட்டாள். நான் கவனிக்கவில்லை என்றேன். உண்மையில் கவனித்திருந்தேன். அவன் அழவில்லை. இரண்டு கையாலும் அந்தக் கவரை மூடிக்கொண்டு மத்தியானம் வரை அப்படியே உட்கார்ந்திருந்தான். வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பில் அவனுக்குக் ‘கசா’ என்று பேர் விழுந்துவிட்டது. கன்னடத்தில் கசா என்றால் குப்பை. ஐந்தாம் வகுப்பு முடித்துப் போகும்வரை அவனை எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பள்ளியில் சுற்றுச்சூழல் சம்பந்தப்பட்ட எல்லாமே அந்த டீச்சர் கையில்தான். மரம் நடும் நாள், துணிப்பை தைக்கிற வாரம், பட்டாசில்லாத தீபாவளிக்கு உறுதிமொழி, மழைநீர் பிடிக்கிற பீப்பாய்கள், உரக்குழி. இதையெல்லாம் ஊருக்குச் சொல்லிவிட்டு வீட்டில் வேறு மாதிரி வாழ்கிறவர் இல்லை அவர். அதையும் சொல்லிவிட வேண்டும். மழையானாலும் வெயிலானாலும் நடந்தே வருவார். பழைய பரீட்சைத் தாளின் பின்பக்கத்தில்தான் பாடக்குறிப்பு எழுதுவார். உடைந்த சாக்பீஸ் துண்டுகளை இடித்துத் தண்ணீர் விட்டுப் பிசைந்து மறுபடி சாக்பீஸ் ஆக்குவார். மத்தியானம் களியும் கீரைச்சாறும் சாப்பிட்டு முடித்தால் டப்பாவைக் கழுவவே வேண்டாம் போலிருக்கும். கறிவேப்பிலையைக்கூட மென்று விழுங்குவார். தன் மேல் இரக்கம் காட்டாதவர். அதனால் மற்றவர் மேலும் இரக்கம் காட்ட வேண்டியதில்லை என்று அவருக்கு ஒரு நிம்மதி இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அவர் கத்தி நான் கேட்டதில்லை. அடித்தும் பார்த்ததில்லை. பிரம்பு வைத்திருந்த டீச்சர்கள் இருந்தார்கள். பிள்ளைகள் அவர்களிடம் போய் ஒட்டிக்கொள்வார்கள். இவர் வராந்தாவில் நடந்து வந்தால், பிள்ளைகள் சுவரோரம் ஒதுங்கித் தங்கள் சட்டைப்பைகளைத் தடவிப் பார்த்துக்கொள்வார்கள்.

மத்தியானச் சாப்பாட்டில் மீந்ததைக் கொட்ட ஒரு வாளி உண்டு. வாளிக்குப் பக்கத்தில் அவர் நிற்பார். தட்டில் நாலு வாய்க்கு மேல் மீதி வைத்த பிள்ளையைத் திருப்பி அனுப்புவார். “நீ கேட்டு வாங்கினேப்பா. இது வாளியோடது இல்ல, உன்னோடது.” ஒருநாள் இரண்டாம் வகுப்புப் பெண் ஒன்று சாம்பார் சாதத்தைத் திணித்து விழுங்கிவிட்டு வராந்தாவிலேயே வாந்தி எடுத்துவிட்டது. நாங்கள் நாலைந்து டீச்சர்கள் அங்கே நின்றிருந்தோம். அவர் ஒரு டப்பாவில் சாம்பலும் ஒரு தென்னந்துடைப்பமும் கொண்டுவந்து அந்தக் குழந்தை முன்னால் வைத்தார். தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, சாம்பலை எப்படித் தூவ வேண்டும், எந்தப் பக்கமிருந்து கூட்ட வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். குழந்தை விம்மிக்கொண்டே கூட்டியது. அந்தச் சாம்பல் கலவை உரக்குழிக்குப் போயிற்று. எதுவும் வீணாகவில்லை.

என்னையும் அவர் ஒருமுறை பிடித்தார்.

பேப்பர் கப் பள்ளிக்குள் வரக் கூடாது என்று சட்டம். ஒரு காலை வேளை, எதிர்க்கடையில் டீ வாங்கி, குடித்து முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. கப்போடு உள்ளே வந்தவள், குடித்துவிட்டு ஸ்டாஃப் ரூம் அலமாரிக்குப் பின்னால் போட்டுவிட்டேன். இடைவேளையில் எல்லோரும் இருக்கும்போது அவர் அதை எடுத்து மேஜை நடுவில் வைத்தார். விளிம்பில் லிப்ஸ்டிக் கறை.

“யாருது இது?”

எட்டுப் பேர் இருந்தோம். அவர் ஒவ்வொருவர் உதட்டையும் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் கண் என்னிடம் வருவதற்குள் நான் தும்முகிற மாதிரி கைக்குட்டையை எடுத்து உதட்டைத் துடைத்துவிட்டேன். மூலையில் ஆயா தம்ளர் கழுவிக்கொண்டிருந்தாள். அறுபது வயதுக்காரி. வாழ்நாளில் லிப்ஸ்டிக் போட்டிருக்கமாட்டாள்.

“இந்த ரூமைக் கூட்டுறது நீதானே? அப்போ இது உன்னுது” என்றார் அவர் ஆயாவைப் பார்த்து. ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து முந்தானையைக் காட்டினாள். ஊக்கு இறங்கியது. சாயங்காலம் கடைசிப் பிள்ளை போகும்வரை ஆயா அந்தக் கப்போடு வராந்தாவைக் கூட்டினாள்.

மறுநாள் காலை பிரார்த்தனைக்கு நிற்கும்போது அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். பிரார்த்தனைப் பாட்டின் நடுவில், முகத்தைத் திருப்பாமல், “உதட்டைத் தொடச்சா சரியாயிடுமா?” என்றார். குரலில் கோபமில்லை. சிரிப்பு மாதிரி ஏதோ இருந்தது. எச்.எம்.மிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு அவர் எந்த வேலைக்கும் முதலில் என்னைத்தான் கூப்பிட்டார். நானும் போனேன். அந்த வருஷ முடிவில் என் வேலையை நிரந்தரம் ஆக்குவதா இல்லையா என்று நிர்வாகம் முடிவு செய்ய இருந்தது. நிர்வாகம் காது கொடுத்துக் கேட்கிற ஒரே டீச்சர் அவர்தான்.

அவரால் பள்ளி மாறியது என்பதும் பொய்யில்லை. நான் வருவதற்கு முன்னால் அந்த முற்றம் வெறும் சிமெண்ட் என்று சொல்வார்கள். நான் பார்த்தபோது சுவர் முழுக்கப் பச்சை. கூரைத் தண்ணீர் ஒரு சொட்டுகூடத் தெருவுக்குப் போகாது. மிளகாய்க் கடை நெடியையும் மீறி முற்றத்தில் பவழமல்லி மணக்கும். தசரா விடுமுறையில் மற்றவர்கள் எல்லாம் ஊருக்குப் போனபோது அவர் தினமும் வந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தார். வேறு பள்ளிகளிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் தங்கள் அப்பாவின் கையிலிருந்து சிப்ஸ் கவரைப் பிடுங்கிப் பைக்குள் வைத்துக்கொள்வார்களாம். அதை அந்த அப்பாக்களே வந்து சொல்லிப் பூரித்தார்கள். அவரிடம் இதுவரை மாட்டாத பிள்ளைகள் அவரை உயிராக நேசித்தார்கள். அவருக்காக மற்றவர்களைக் காட்டிக்கொடுத்தார்கள். “மிஸ், அவ பையில சாக்லேட் பேப்பர் இருக்கு மிஸ்” என்று சொல்ல வருகிற பிள்ளையின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் இருக்கும்.

உரக்குழியைக் கிளறுகிற வேலைக்கு வாரம் ஒரு பட்டியல் போடுவார். எல்லா வகுப்பிலிருந்தும் முறை வரும் என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருக்கும். ஆனால் என் வகுப்பிலிருந்து திரும்பத் திரும்ப மூன்று பேர்தான் போனார்கள். ஒருத்தியின் அம்மா மார்க்கெட் கூட்டுகிறவள். ஒருவன் அப்பா சாக்கடை சுத்தம் செய்கிறவர். மூன்றாவது, அருள்மேரி. கட்டட வேலைக்காரர்களின் பெண். ஒருதடவை தயங்கித் தயங்கிக் கேட்டேன், “மத்தவங்களையும் அனுப்பலாமா மிஸ்?”

“மத்தவங்க வாந்தி எடுப்பாங்க. இவங்களுக்கு நாத்தம் பழக்கம்மா” என்றார். பொரியல் நன்றாக இருக்கிறது என்பதுபோலச் சாதாரணமாகச் சொன்னார்.

அருள்மேரி அந்த வருஷம்தான் வந்தாள். தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற மார்டள்ளிக்காரர்கள். அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். கட்டிக்கொண்டிருக்கிற கட்டடத்தின் கீழேயே தகரக் கொட்டகை போட்டுக் குடியிருந்தார்கள். கன்னடம் அவளுக்குச் சரியாக வராது. அதனால் வகுப்பில் என்னைத் தவிர யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். என்னிடம் மட்டும் தமிழில், அவர்கள் ஊர் இழுவையோடு, மூச்சுவிடாமல் பேசுவாள். “மிஸ்ஸுங்க, எங்கப்பா நேத்து எட்டாவது மாடியில நின்னு என்னைய கூப்புட்டாருங்க. எனக்குக் கேட்டுச்சுங்க. அம்மாளுக்குக் கேக்கலீங்க.” இப்படி.

ஜனவரியில் ஆளுக்கொரு செடி கொடுத்தார் டீச்சர். கழிவு எண்ணெய் கேனைப் பாதியாக வெட்டி, அதில் மண்ணும் உரமும் போட்டு, சுவரோரம் நாற்பத்து மூன்று கேன் எங்கள் வகுப்புக்கு மட்டும். ஒவ்வொன்றிலும் பிள்ளையின் பேர் எழுதிய தகடு. அருள்மேரிக்குக் கத்தரிச் செடி வந்தது. சட்டம் ஒன்றுதான். அவரவர் செடிக்கு அவரவர்தான் தண்ணீர். இன்னொருவர் செடியை யாரும் தொடக் கூடாது.

மார்ச் தொடக்கத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை அருள்மேரி வரவில்லை. பதினோரு மணிக்குப் பக்கத்துக் கட்டட மேஸ்திரி ஒருவர் வந்து வாசலில் நின்றார். அவள் அப்பா காலையில் சாரத்திலிருந்து விழுந்துவிட்டார், உயிர் இல்லை, உடலை ஊருக்குக் கொண்டுபோகிறார்கள், பிள்ளை காரியம் முடிந்துதான் வரும் என்றார். நான் வருகைப் பதிவேட்டில் லீவு என்று எழுதினேன்.

அன்றே டீச்சரிடம் சொன்னேன். “பாவம்” என்றார். பிறகு, “செடியை யாருகிட்டயாவது ஒப்படைச்சிட்டுப் போனாளா?” என்று கேட்டார்.

நான் இல்லை என்றேன்.

நாலாம் நாள் கத்தரி இலைகள் தொங்கிவிட்டன. மைசூரில் மார்ச் வெயில் சிமெண்ட் முற்றத்தில் எப்படி அடிக்கும் என்று இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தச் செடியில் ஊதாவாக ஒரு பூ வேறு வந்திருந்தது. அருள்மேரியின் பக்கத்து இடத்துக்காரி தன் பாட்டில் தண்ணீரை அதில் ஊற்றப் போனாள். டீச்சர் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்து அவளுடைய செடியின் முன்னால் நிறுத்தினார். “இதுதான் உன்னுது. மறந்துட்டியா?”

நான் அவரிடம் போய்ப் பேசினேன். பேசினேன் என்பதை இங்கே எழுதிவைக்க விரும்புகிறேன். ஏனென்றால் அதற்குமேல் நான் ஒன்றும் செய்யவில்லை.

“மிஸ், அவ அப்பா செத்துட்டாரு. நான் ஊத்துறேனே.”

“அப்பா செத்ததுக்குச் செடி என்னம்மா பண்ணும்?”

“உங்களுக்குச் செடின்னா உயிர்தானே மிஸ். கண்ணு முன்னாடி காயுதே.”

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். “ஒண்ணு காஞ்சாத்தான் மீதி நாப்பத்திரெண்டு பொழைக்கும். பிள்ளைங்க தினம் பாத்துட்டுப் போகுதுல்ல? பாக்கட்டும். இதைவிடப் பெரிய பாடம் நம்மால நடத்த முடியாது. பிடு” என்றார். விடு என்பதை அப்படிச் சொல்வார்.

அதுவரை அவர் செடிகளை நேசிக்கிறவர், மனிதர்களைத்தான் பிடிக்காது என்று நினைத்திருந்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாகவும் இருந்தது. அன்றைக்குத் தெரிந்தது, அவருக்குச் செடியும் ஒன்றுதான், பிள்ளையும் ஒன்றுதான். அதற்குப் பிறகும் தினமும் நாலு தடவையாவது அந்தக் கேனைத் தாண்டி நடந்தேன். என் தோள்பையில் எப்போதும் தண்ணீர் பாட்டில் இருக்கும். சுற்றிலும் யாரும் இல்லாத நேரமும் இருந்தது. நான் ஊற்றவில்லை. பூ உதிர்ந்தது. பிறகு தண்டு பழுப்பாகிச் சாய்ந்தது.

பன்னிரண்டாம் நாள் அருள்மேரி வந்தாள். கூந்தலில் எண்ணெய் இல்லை. சீருடைதான், ஆனால் கழுத்தில் எப்போதும் போடும் பாசிமணி இல்லை. காலைப் பிரார்த்தனை முடிந்ததும் டீச்சர் அவளை மேடைக்குக் கூப்பிட்டார். காய்ந்த செடியைக் கேனோடு அங்கே வைத்திருந்தார்கள்.

“இது யாருது?”

“என்னுதுங்க” என்றாள்.

“என்ன ஆச்சு?”

அவள் செடியைப் பார்த்தாள். “செத்துப்போச்சுங்க.”

“உன்னை நம்பித்தானே இருந்தது? அதுகிட்ட மன்னிப்புக் கேளு. சத்தமா.”

இருநூறு பிள்ளைகள் வரிசையில் நின்றன. நாங்கள் டீச்சர்கள் ஓரமாக நின்றோம். எச்.எம். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் கேன் முன்னால் மண்டிபோட்டது. மண்டிபோடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. அவளாகவே போட்டாள். அவள் சர்ச்சில் பழகிய விதத்தில் கைகளைக் கூப்பிக்கொண்டு, “மன்னிச்சுக்கோ, நான் ஊர்ல இருந்தேன்” என்றாள். “ஊர்ல இருந்தேன்” என்று இன்னொரு தடவையும் சொன்னாள். அதற்கப்புறம்தான் அழுதாள். அப்பாவை அடக்கம் பண்ணின அன்றைக்குக்கூட அவள் அழவே இல்லை என்று அவள் அம்மா பிறகு என்னிடம் சொன்னாள். வாயில் துணி அடைத்த மாதிரி உட்கார்ந்திருந்தாளாம். முற்றத்தில் அன்றைக்கு வந்த அழுகை சின்னப் பிள்ளையின் அழுகை மாதிரி இல்லை. முதல் வரிசையில் நின்ற ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பயந்துபோய்ச் சேர்ந்து அழ ஆரம்பித்தன.

“ஆய்த்து. போய் உக்காரு” என்றார் டீச்சர். கேனைச் சுவரோரம் அதன் பழைய இடத்திலேயே வைக்கச் சொன்னார். தகட்டில் பேருக்குக் கீழே புதிதாகக் கன்னடத்தில் இரண்டு வரி எழுதியிருந்தது. ‘இந்தச் செடி இறந்துவிட்டது. பொறுப்பு: அருள்மேரி.’

இரண்டு நாள் கழித்து அவள் அம்மா பள்ளிக்கு வந்தாள். வாசலில் அவளைப் பார்த்ததும், சண்டை போடத்தான் வந்திருக்கிறாள், போடட்டும் என்றே நினைத்தேன். கையில் கறுப்பு நர்சரிக் கவரில் ஒரு கத்தரிக் கன்று வைத்திருந்தாள். நேராக டீச்சரிடம் போனாள்.

“டீச்சரம்மா, புள்ள தெரியாமப் பண்ணிருச்சுங்க. அதுக்குப் பதிலுக்கு இது கொண்டாந்தனுங்க. பாத்துக் கோவத்தை விட்டுப்போடுங்க. புள்ள சோறே திங்க மாட்டேங்குதுங்க.”

டீச்சர் கன்றை வாங்கி இலைகளைத் திருப்பிப் பார்த்தார். “நல்ல கன்னுதான்” என்றார். பிறகு கேட்டார், “லீவுல இதுக்கு யாரு தண்ணி ஊத்துவாங்க?”

“லீவு விட்டதும் நாங்க ஊருக்கே போறமுங்க. இனி இங்க யாரிருக்காங்க எங்களுக்கு.”

“அப்போ இது யாருது?”

அந்த அம்மாவுக்குக் கேள்வி விளங்கவில்லை. என்னைப் பார்த்தாள். நான் மேஜை மேலிருந்த நோட்டுகளை அடுக்கினேன். டீச்சர் கன்றை அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

“ஆளில்லாத செடி எனக்கு வேண்டாம்மா. எடுத்துட்டுப் போங்க. கவரும் பிளாஸ்டிக். இதை இங்க விட்டுட்டுப் போகாதீங்க.”

“சரிங்க” என்று அவள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். வாசல்வரை நான் கூடப் போனேன். அப்போதுதான் அவள் அந்த அடக்கம் நாள் விஷயத்தைச் சொன்னாள். “எம்புள்ள செடிக்கு அழுதுச்சாமே. அதாச்சும் அழுதுச்சே” என்றாள்.

இத்தனைக்கும் பிறகு அவருக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒன்றும் ஆகவில்லை. சால்வை, பாராட்டு விழா, பேப்பரில் படம். ஓய்வு பெற்ற நாளில் பிள்ளைகள் அவர் காலில் விழுந்து அழுதார்கள். போன மாதம் மண்டி மொஹல்லாவில் ஒரு மளிகைக் கடை முன்னால் அவரைப் பார்த்தேன். மூட்டை கட்டி வந்த சணல் கயிறுகளைச் சுருட்டிக் கடைக்காரனிடம் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு முகம் மலர்ந்தார். “எந்த ஸ்கூல்ல இருக்கே? செடி வெச்சிருக்கீங்களா?” என்று விசாரித்தார். கையைப் பிடித்துக்கொண்டு, “அந்த ஸ்கூல்ல என்னைப் புரிஞ்சுக்கிட்டவ நீ ஒருத்திதாம்மா” என்றார். அப்படி அவர் நினைப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி மட்டும் எழுதி முடித்துவிட்டால், நானும் உதட்டைத் துடைத்துக்கொண்ட மாதிரிதான் ஆகும்.

பசுமைப் பள்ளி என்று ஒரு அங்கீகாரம். அதற்காக மூன்று பேர் கொண்ட குழு அதே மார்ச் கடைசியில் பார்வையிட வந்தது. பீப்பாய், உரக்குழி, துணிப்பை எல்லாம் பார்த்தார்கள். சுவரோரம் வந்ததும் குழுவில் இருந்த அம்மையார் ஒருவர் காய்ந்த செடியின் முன்னால் நின்றுவிட்டார். தகட்டைப் படித்தார். அவருக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

“செத்ததையும் மறைக்காம வெச்சிருக்கீங்களே. இப்படிப் பொறுப்பு எடுத்துக்கிற ஸ்கூலை நான் பாத்ததில்ல” என்றார் கன்னடத்தில். “அந்தப் பிள்ளை யாரு? கூப்பிடுங்க.”

அருள்மேரி வந்து நின்றாள். அம்மையார் குனிந்து, உண்மையிலேயே அன்பாக, ஏன் செடி செத்துப்போயிற்று என்று கேட்டார். அவளுக்குக் கேள்வி அரைகுறையாகத்தான் புரிந்திருக்கும். என்னைப் பார்த்தாள். எச்.எம்., “அவளுக்குத் தமிழ்தான் வரும், மிஸ் சொல்வாங்க” என்று என்னை முன்னால் தள்ளினார்.

நான் தமிழில் கேட்டேன். “ஊருக்குப் போயிட்டனுங்க” என்றாள். அதைக் கன்னடத்தில் சொன்னேன்.

“ஊருக்கு எதுக்குப் போனாளாம்?” என்றார் அம்மையார்.

கேட்டேன். அவள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. யாராவது கேட்கமாட்டார்களா என்று இத்தனை நாளும் காத்திருந்தவள்போல, தெளிவாக, என் முகத்தைப் பார்த்து, “எங்கப்பா செத்துட்டாருங்க” என்றாள்.

டீச்சர் என் இடப்பக்கம் நின்றிருந்தார். அவருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். எச்.எம்.முக்கு ஓரளவு தெரியும். அம்மையார் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஊரல்லி ஹப்ப இத்தந்தே” என்றேன்.

ஊரில் திருவிழா இருந்ததாம் என்று அர்த்தம். ஹப்ப என்ற சொல் மைசூரில் ஒரு வாரம் இருந்த பிள்ளைக்குக்கூடத் தெரிந்துவிடும். தசராவும் ஹப்பதான், கிறிஸ்துமஸும் ஹப்பதான்.

அம்மையார் சிரித்தார். அவள் கன்னத்தைத் தட்டினார். “ஹப்பன்னா செடி ஞாபகம் எங்க வரும்? நல்லா ஸ்வீட் எல்லாம் சாப்பிட்டியா?”

அருள்மேரி அவரைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளாகவே, யாரும் மொழிபெயர்க்காமலே, “ஹௌது மேடம்” என்றாள். ஆமாம் என்று.

குழு நகர்ந்து போயிற்று. டீச்சர் என் பின்னாலேயே வந்து தோளில் கை வைத்தார். அதுவரை அவர் யாரையும் அப்படித் தொட்டு நான் பார்த்ததில்லை. “நீ நல்லா வருவே” என்றார். அங்கீகாரம் கிடைத்தது. ஏப்ரலில் என் வேலை நிரந்தரமாயிற்று.

அருள்மேரி பரீட்சை முடியும்வரை, இன்னும் இரண்டு வாரம், பள்ளிக்கு வந்தாள். அந்த இரண்டு வாரமும் அவள் என்னிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசவில்லை. பென்சில் சீவ வேண்டும் என்றாலும், தண்ணீர் குடிக்கப் போக வேண்டும் என்றாலும், என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, தப்பும் தவறுமான கன்னடத்தில், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துக் கேட்டாள். நான் தமிழிலேயே பதில் சொன்னேன். அவள் தலையாட்டிவிட்டுப் போனாள்.